தென்னார்க்காட்டின் வைத்தியச் செலவு

வரைபடத்தை விரித்து விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களையும் கோட்டினால் இணைத்துப் பார்த்தால், பக்கத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளமுள்ள முக்கோணம் ஒன்று அமைவதைக் காணலாம். மூன்று முனைகளுக்கும் மழை ஒன்று, பேச்சு ஒன்று. நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் வழக்கம்கூட ஒன்றே. ஆயினும் இந்த முக்கோணத்துக்குள் ஒரு குடியானவனுக்கு நோய் வந்தால் அதற்கு எவ்வளவு பணம் செல்லும், அந்தப் பணம் யாருடைய பொக்கிஷத்திலிருந்து வரும், எஞ்சியதற்கு அவன் எதை விற்க வேண்டியிருக்கும் என்பனவெல்லாம், அவனுடைய நோயின் தன்மையைக் காட்டிலும் அவன் வீட்டுக்கும் அரசாங்க எல்லைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தே நெடுங்காலமாகத் தீர்மானிக்கப்பட்டு வந்திருக்கின்றன. விழுப்புரமும் திண்டிவனமும் சந்திப்பு ஊர்கள். ஒன்று ரயில் பாதைகள் கூடும் இடம். மற்றொன்று சென்னையிலிருந்து வரும் பெருஞ்சாலை புதுச்சேரிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் திருவண்ணாமலைக்கும் கிளை பிரியும் இடம். சந்திப்புக்கு வந்த பிரயாணி அங்கேயே தங்கிவிடுவதில்லை, நோயாளியும் அப்படித்தான். நூறாண்டுகளுக்கு மேலாக இவ்விரண்டு ஊர்களும் தங்கள் கடும் நோயாளிகளை வேற்றிடத்துக்கு அனுப்பிவைத்த ஊர்களாகவே இருந்தன என்பதுதான் இவற்றின் வைத்திய சரித்திரத்தில் முக்கியமான சங்கதி என்று நான் கருதுகிறேன்.

ஆஸ்பத்திரிகள் வருவதற்கு முன்பு இந்தப் பிரதேசத்தில் வைத்தியத்துக்குக் கொடுத்த பிரதிபலன் பெரும்பாலும் ரொக்கமாக இருந்ததில்லை. நாடி பார்த்துக் குடிநீரும் லேகியமும் செந்தூரமும் கொடுத்த பரம்பரை வைத்தியர் அறுவடைக் களத்தில் நெல்லாகவோ கேழ்வரகாகவோ தம் பங்கைப் பெற்றுக்கொண்டார். பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குப் படியரிசியும் புடவையும் வெற்றிலை பாக்கில் வைத்த சில்லறையும் கிடைத்தன. விஷக் கடிக்குப் பச்சிலை அறிந்த இருளர்களைத் தேடிக்கொண்டு வயல் வரப்புகளில் ஓடுவது இரவில் நடக்கிற காரியம், அதற்குக் கூலி பேசிக்கொண்டிருக்க நேரம் ஏது? மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஆடும், மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்ட முடியும் காவடியும் நோய்ச் செலவின் கணக்கிலேயே சேர வேண்டியவை. அவற்றைக் கழித்துவிட்டு அக்காலத்துக் குடும்பம் நோய்க்குச் செலவிட்டதை மதிப்பிடுவது சரியாகாது. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியைப் பொருளாதார சாஸ்திரமாகவே எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே அமைந்துவிட்ட திண்டிவனத்தில் வாணியனுக்குக் குறைவு இருந்ததில்லை, அப்படியும் வைத்தியனுக்கு வேலை ஒழிந்ததாகத் தெரியவில்லை.

ரொக்கச் செலவு என்ற ஒன்று இங்கே பொதுக் கணக்கில் ஏறியது 1871-இல் சென்னை ராஜதானியில் உள்ளூர் நிதிச் சட்டம் வந்த பிறகுதான். நிலத்தீர்வையின் மேல் ஒரு சிறு வரி விதித்து, அந்தப் பணத்தைச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு ஜில்லாவுக்குள்ளேயே செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 1884-இல் வந்த ஸ்தல ஸ்தாபனச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்ற அமைப்புகளை உண்டாக்கி இந்தப் பொறுப்பை அவற்றின் கையில் கொடுத்தது. அப்போது தென்னார்க்காட்டின் தலைநகரம் கடலூர். விழுப்புரமும் திண்டிவனமும் அதன் தாலுகாக்கள். போர்டின் வரவு செலவில் பெரும்பங்கு சாலைகளுக்கே சென்றது. வண்டியும் தபாலும் தாசில்தாரும் போகச் சாலை வேண்டியிருந்தது. நோயாளியின் தேவை அதற்கு அப்புறம். ஆனால் சரித்திரம் விசித்திரமானது: ஆஸ்பத்திரிக்கு என்று ஒதுக்கிய பணத்தைவிடச் சாலைக்கு என்று ஒதுக்கிய பணமே பிற்காலத்தில் இந்தத் தாலுகாக்களின் நோயாளிகளுக்கு அதிகமாகப் பயன்பட்டது.

தாலுகா ஊர்களில் எழுந்த டிஸ்பென்சரியை ஜனங்கள் தர்மாஸ்பத்திரி என்றார்கள். அங்கே டாக்டரைவிட முக்கியமானவர் கம்பவுண்டர். மருந்துக்கு விலை இல்லை. ஆனால் புட்டி நோயாளியுடையது. மண்ணெண்ணெய் வாசனை போகாத புட்டியைச் சாம்பல் போட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு போனால், கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்ஸரையோ வெள்ளை மிக்ஸரையோ அளந்து ஊற்றி, கத்தரியால் பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டு ஒன்றைக் கோந்து தடவிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இந்த அளவு புரிந்தது. இலவசம் என்று சொல்லப்பட்ட வைத்தியத்தில் புட்டியும், வண்டிச் சத்தமும், அன்றைக்கு இழந்த கூலியும் மட்டும் நோயாளியின் பொறுப்பு என்ற இந்த ஏற்பாடு, புட்டி மறைந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும் அடிப்படையில் மாறவில்லை. கத்தி வைக்க வேண்டிய நோய் என்றால் கடலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். போகமுடியாதவர்களின் எண்ணிக்கையை எந்த ரிஜிஸ்தரும் குறித்துவைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அமெரிக்கப் பணம் இப்பக்கம் வந்து சேர்ந்தது. நியூயார்க்கில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஸ்கடர் 1819-இல் அந்தத் தொழிலை விட்டுக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். அவருடைய புதல்வர்கள் 1853-இல் ஆற்காட்டு மிஷனை நிறுவினார்கள். அந்த மிஷனின் நிலையங்களுள் திண்டிவனமும் ஒன்று. அவருடைய மகன்களில் ஒருவரான மற்றொரு ஜான் ஸ்கடரும் டாக்டரே. அவர் மகள் ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890-இல் திண்டிவனத்து மிஷன் பங்களாவுக்குத் திரும்பி வந்தார். வந்த வேலை முடிந்ததும் அமெரிக்காவுக்கே போய்விடுவது என்பதுதான் அவருடைய உத்தேசம். ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மற்றோர் இந்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டித் தங்கள் மனைவியரின் பிரசவ வேதனையைத் தீர்க்க ஒரு பெண் வந்தாக வேண்டும் என்று கேட்டதும், ஆண் வைத்தியரான தந்தையை அழைத்துப் போக மூவரும் மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் பலமுறை எழுதப்பட்ட விஷயங்கள். அவற்றை இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த இரவில் பணம் தடையாக இருக்கவில்லை. டாக்டர் வீட்டிலேயே இருந்தார். கூப்பிட்டால் வரத் தயாராக இருந்தார். தூரம் சில தெருக்களே. வைத்தியம் இலவசமாகவும் அருகிலும் இருந்தும் அது எட்டாததாக இருந்தது. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கப் புகுந்தபோது, ஒரு பெண்ணை டாக்டராக்குவதற்கும் அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டுவதற்கும் ஏராளமான பணம் வேண்டியிருந்தது, அந்தப் பணம் தென்னார்க்காட்டில் இல்லை. ஐடா ஸ்கடர் 1899-இல் நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஷெல் என்ற நியூயார்க் தனவந்தர், காலஞ்சென்ற தம் மனைவியின் ஞாபகார்த்தமாக 10,000 டாலர் கொடுத்தார். அன்றைய மாற்று விலையில் அது சுமார் 30,000 ரூபாய். அதைக்கொண்டு 1902-இல் ஆஸ்பத்திரி எழுந்தது. எழுந்த இடம் வேலூர். தந்தை அதற்குள் வேலூர் நிலையத்துக்கு மாறிவிட்டிருந்தார் என்பதே காரணம். நோயின் புள்ளிவிவரமோ ஜனத்தொகையோ இதில் சம்பந்தப்படவில்லை. 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி, பிறகு கல்லூரி, பிறகு இந்தியாவெங்கும் பேர்பெற்ற பெரும் ஸ்தாபனம் என்று அது வளர்ந்தது. கதை திண்டிவனத்துக்கு, ஆஸ்பத்திரி வேலூருக்கு என்று பாகப்பிரிவினை ஆயிற்று. திண்டிவனத்துக்காரர்கள் விழுப்புரம் வந்து, காட்பாடிக்குப் போகும் மீட்டர் கேஜ் வண்டியில் திருவண்ணாமலை வழியாக வேலூர் கண்டோன்மெண்டில் இறங்கி, தங்கள் ஊரில் தொடங்கிய கதையின் பலனை அனுபவித்தார்கள்.

முக்கோணத்தின் மூன்றாவது முனையில் நடந்தது வேறு கதை. புதுச்சேரி பிரெஞ்சு ராஜ்யம். தென்னார்க்காட்டு மல்லாட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்செய் துறைமுகத்து எண்ணெய், சவுக்கார ஆலைகள் விரும்பி வாங்கின. மூட்டைகள் வண்டி வண்டியாகப் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போயின. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை ரயில் போடப்பட்டது இந்த வியாபாரத்தையும் உத்தேசித்தே. எல்லையைக் கடந்து சரக்கும் மனிதரும் போய்வரும் பழக்கம் இப்படி ஏற்பட்டதால், பிற்காலத்தில் நோயாளிகள் அதே தடத்தில் போனது யாருக்கும் புதுமையாகத் தோன்றவில்லை. பிரெஞ்சு அரசாங்கம் 1823-இல் நிறுவியதாகப் பின்வந்த ஜிப்மர் என்ற மருத்துவ ஸ்தாபனம் தன் வரலாற்றில் கூறிக்கொள்ளும் வைத்தியப் பள்ளி ஒன்று அங்கே இருந்தது. பரந்த ஜில்லாக்களுக்கு இல்லாத வைத்தியப் பள்ளி ஒரு சிறு துறைமுகத்துக்கு இருந்ததற்கு, அது ஓர் ஐரோப்பிய அரசாங்கத்தின் ராஜதானியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை.

இடைக்காலத்தில் சென்னை ராஜதானியில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீதிக்கட்சி மந்திரிசபையின் காலத்தில், 1924-ஐ ஒட்டி, கிராமங்களில் குடியேறித் தொழில் நடத்தும் டாக்டர்களுக்கு மானியம் கொடுக்கும் திட்டம் வந்தது. சென்னையில் இந்திய வைத்தியத்துக்கென்று பள்ளியும் ஏற்பட்டது. 1939-இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. 1946-இல் வெளிவந்த போர் (Bhore) கமிட்டி அறிக்கை, அதன் அங்கத்தினர்களுள் டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் ஒருவர், கொடுக்கச் சக்தியில்லை என்ற காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்ற கொள்கையை முன்வைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1952-க்குப் பின் மெதுவாக வந்தன. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை ராஜதானியின் பிரதம மந்திரியாகவே இருந்தார். இன்று அவர் பெயரைத் தாங்கும் ஓமந்தூரார் தோட்டத்தில், தலைமைச் செயலகமாகக் கட்டப்பட்ட மாளிகையை மாற்றி 2014-இல் திறந்த பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதுவும் சென்னையில்தான்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான உரிமை மாற்றம் 1962-இல் நிகழ்ந்தது. 1956-இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரி என்று தொடங்கியது, 1964-இல் ஜவஹர்லால் பெயரைத் தாங்கி ஜிப்மர் ஆயிற்று. 2008-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாயிற்று. பணம் டில்லியிலிருந்து நேராக வந்தது. ஒரு சிறிய பிரதேசத்தின் ஜனங்களுக்கு மட்டும் என்றால் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. சுற்றியுள்ள தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து நோயாளிகள் வந்து நிறைவார்கள் என்பது அது அமைந்த இடத்திலிருந்தே விளங்கும். அது அமைந்த கோரிமேடு, திண்டிவனம் சாலையின் மேல் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து கிளியனூர், மொரட்டாண்டி வழியாக வரும் பஸ், புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஜிப்மர் வாசலில் நின்றுவிடுகிறது. புதுச்சேரி நகரத்தவர்களைவிடத் திண்டிவனத்துக்காரர்களே அதற்கு நேர்வழியில் வருகிறவர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

தென்னார்க்காட்டு பாஷையில் இதற்கு ஒரு வாக்கியமே ஏற்பட்டுவிட்டது. "ஜிப்மருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றால் நோய் கடுமை என்று வீட்டார் புரிந்துகொள்வார்கள். உள்ளூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைக் காகிதம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால்தான் ஓ.பி. சீட்டு எழுதும் வரிசையில் இடம் கிடைக்கும். நோயாளி ஒருவர், கூடப் போகிறவர்கள் இரண்டு பேர், ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் நோயாளியைத் தாங்கிப் பிடிக்க. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிய தூக்குவாளி மரத்தடியில் திறக்கும்போது மணி பன்னிரண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அன்றைக்கே ஸ்கேன் எடுக்க இடம் கிடைக்காவிட்டால் மற்றொரு நாள் வர வேண்டும். படுக்கையில் சேர்த்துக்கொண்டால் கூட இருக்கிறவருக்கு வராந்தா. இவ்வளவு நடந்து முடிந்தபின் ஆஸ்பத்திரிக்குக் கட்டியது சொற்பம். ஆனால் வீட்டுக் கணக்கில் பஸ் சத்தம், ஹோட்டல் காபி, மூன்று பேர் கூலி, இடையில் விற்ற ஆடு எல்லாம் சேர்ந்து வேறொரு தொகையாகியிருக்கும். அவசரமில்லாத ஆப்பரேஷனை மல்லாட்டை போட்டுப் பணம் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இப்பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெரியாத சாமர்த்தியம் அல்ல.

ஒரே மாதிரியான ஜனங்களிடையே வைத்தியச் செலவு ஊருக்கு ஊர் மாறுவது நம்முடைய ஏழ்மையின் விளைவு என்று எண்ணுபவர்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் வைத்தியச் செலவின் பங்கு 1960-இல் நூற்றுக்கு 5 ஆக இருந்தது, 2023-இல் 17.6 ஆயிற்று, தொகையில் சுமார் 4.9 லட்சம் கோடி டாலர். முதியோர்களின் வைத்தியத்துக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் மெடிகேர் ஏற்பாடு 1965-இல் வந்தது. ஆனால் அந்தச் செலவு எங்கும் ஒரே சீராக இல்லை. யூட்டா மாகாணத்தில் தலைக்கு ஆகும் செலவைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு நியூயார்க்கில் ஆகிறது. ஜான் வென்பர்க் என்ற டாக்டர் வெர்மாண்ட் மாகாணத்தை ஊர் ஊராக ஆராய்ந்து 1973-இல் தம் முடிவுகளை வெளியிட்டபோது விநோதமான சங்கதிகள் தெரியவந்தன. ஸ்டோ என்ற ஊரில் 15 வயதுக்குள் நூற்றுக்கு எழுபது பிள்ளைகளுக்குத் தொண்டைச் சதை நீக்கப்பட்டிருந்தது. பக்கத்து வாட்டர்பரியில் நூற்றுக்கு இருபது பேருக்குத்தான். பிள்ளைகளின் தொண்டையில் வித்தியாசம் இல்லை, டாக்டர்களின் பழக்கத்தில் இருந்தது. மெக்ஸிகோ எல்லையிலுள்ள மக்கல்லன் என்ற டெக்சஸ் நகரத்தில் 2006-இல் மெடிகேர் பெறும் ஒவ்வொருவருக்கும் சுமார் 15,000 டாலர் செலவாயிற்று. அதே எல்லையில், அதேபோன்ற ஜனங்கள் வாழும் எல் பாஸோவில் அதில் பாதிதான். அதுல் கவாண்டே என்ற அறுவை வைத்தியர் 2009-இல் இதைப்பற்றி எழுதிய கட்டுரை அந்நாட்டு அரசியலையே கலக்கியது. அதிகம் செலவழித்த ஊரில் ஜனங்கள் அதிக ஆரோக்கியமாக இருந்ததாக அவர் காணவில்லை.

அங்கே படுக்கையும் டாக்டரும் மிகுந்த இடத்தில் செலவு மிகுந்தது. இங்கே படுக்கை இல்லாத இடத்தில் நோயாளியின் கைச்செலவு மிகுந்தது. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும், செலவை நிர்ணயிப்பது நோயன்று, ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்பதே என்ற விஷயத்தில் வெர்மாண்டும் விழுப்புரமும் ஒத்துப்போகின்றன. பிற்காலத்தில் புதுச்சேரியில் நடந்தது வென்பர்க் கண்டதற்கு இன்னும் அருகில் வருகிறது. அந்தச் சிறிய பிரதேசத்தில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் அடுக்கடுக்காக எழுந்தன. கல்லூரி நடக்க வேண்டுமானால் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்க வேண்டும். ஆகவே நோயாளி படுக்கையைத் தேடிய காலம் போய், படுக்கை நோயாளியைத் தேடும் காலம் வந்தது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலவசக் கண் முகாம் நடத்தவும், வேன் அனுப்பி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகவும் தொடங்கினார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் சூழ்ந்து நின்று பார்க்கும் வைத்தியம் சில சமயம் நல்ல வைத்தியமாகவே அமைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று போனவர்களுக்குச் சாப்பாடும் போட்டு நான்கு நாள் வைத்திருந்து அனுப்பிய கதைகளையும் கிராமங்களில் கேட்கலாம்.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் ஜிப்மருக்கும் நடுவில், காத்திருக்க மனமில்லாதவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் விழுப்புரத்தில் நர்சிங் ஹோம்கள் பெருகின. அங்கே கேள்வி ஒன்றுதான்: முன்பணம் எவ்வளவு? நகை அடகுக் கடைகளுக்கு இந்த நர்சிங் ஹோம்கள் நல்ல அண்டைவீட்டார். 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, அகில இந்தியாவிலும் கிராமவாசி ஒருவர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் சராசரியாக 4,290 ரூபாயும், தனியார் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் 27,347 ரூபாயும் வைத்தியத்துக்குச் செலவிட்டார். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவிலுள்ள இருபத்து மூவாயிரம் ரூபாய்தான் எத்தனையோ குடும்பங்களின் காணி நிலத்தைக் கைமாற்றியிருக்கிறது.

1993 செப்டம்பர் 30-ஆம் தேதி பழைய தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தது. விழுப்புரம் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு ஜில்லாவின் தலைநகரமாயிற்று. மறு ஆண்டில் மாநில அரசாங்கம் மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்குமான மருந்தை ஒரே டெண்டரில் மொத்தமாக வாங்கிக் கிடங்குகள் வழியாக விநியோகிக்க முற்பட்டது. வெளியில் வாங்கிக்கொள் என்று எழுதித்தரும் துண்டுச் சீட்டு இதனால் பெரிதும் குறைந்தது. பெரிய பேச்சும் ஆரவாரமும் இல்லாமல் ஏழையின் பையில் பணத்தை மிச்சப்படுத்திய காரியங்களில் இதற்கு நிகரானது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் இதற்கு யாரும் சிலை வைக்கவில்லை. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பின்னர் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபோது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று உச்சவரம்பு உயர்ந்தது. அட்டையைக் காட்டினால் தனியார் ஆஸ்பத்திரியிலும் பணமின்றிச் சிகிச்சை என்ற ஏற்பாட்டை ஜனங்கள் மிக விரைவில் புரிந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரிகள் அவர்களைவிட விரைவில் புரிந்துகொண்டன. தேசத்தின் மொத்த வைத்தியச் செலவில் ஜனங்கள் கையிலிருந்து நேராகக் கொடுத்த பங்கு 2013-14-இல் நூற்றுக்கு 64.2 ஆக இருந்தது, 2021-22-இல் 39.4 ஆகக் குறைந்தது என்று மத்திய அரசின் கணக்கு கூறுகிறது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், சர்க்கரை ஆலையால் பேர்பெற்ற முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. பெருஞ்சாலையின் ஓரத்திலேயே அமைந்தது அதன் சௌகரியம். நான்கு வழிச் சாலையாக விரிந்தபின் அந்தச் சாலை விபத்துகளையும் தாராளமாகக் கொடுத்தது. விபத்துக்குள்ளானவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய் வரை அரசே கொடுக்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் இதே சாலையின் வடக்கே உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்தார்கள். பிரசவத்தைப் பொறுத்தவரை கணக்கு முற்றிலும் தலைகீழாகிவிட்டது: 2019-21-இல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தன. கர்ப்பிணிக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசு கொடுக்கும் உதவித் தொகை 18,000 ரூபாய். பிரசவத்துக்குச் செலவு செய்த குடும்பம் பிரசவத்துக்குப் பணம் பெறும் குடும்பமாயிற்று.

2019 நவம்பரில் விழுப்புரம் ஜில்லா மறுபடியும் பிரிந்து கள்ளக்குறிச்சி தனியாயிற்று. 2022 ஜனவரியில் அதற்கும் ஒரு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எல்லைக்கோடு வரைந்த இடத்தில் ஆஸ்பத்திரி முளைப்பது இந்தப் பிரதேசத்தின் பழைய வாடிக்கை. திண்டிவனத்தார் மட்டும் இன்னும் இரண்டு திசையையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: பிரசவம், விபத்து, எலும்பு முறிவு என்றால் பெரும்பாலும் தெற்கே முண்டியம்பாக்கம், புற்று, இருதயம், சிறுநீரகம் என்றால் தென்கிழக்கே கோரிமேடு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. டவுன் பஸ் எட்டுகிற சுகாதார நிலையத்துக்குப் பேத்தியைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகும் பாட்டிக்கு இதனால் ஒரு காசும் செலவில்லை. அதே பாட்டி தன் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள எல்லை தாண்டி ஜிப்மருக்குப் போகும் வெளியூர் பஸ்ஸில் ஏறினால், போக ஒரு டிக்கெட்டும் வர ஒரு டிக்கெட்டும் கூட வரும் மகனுக்கு இரண்டு டிக்கெட்டும் எடுக்க வேண்டும். அந்த நான்கு டிக்கெட்டுகளைக் காப்பீட்டு அட்டை ஏற்பதில்லை.